நெஞ்சில் இடிக்கும் பேஸ்: ஹெட்போனா, ஸ்பீக்கரா? வீட்டுக்குச் சில குறிப்புகள்

குமரி மாவட்டத்தில் எங்கள் குலசேகரம் பக்கம் கோயில் கொடை ஆனாலும் சர்ச் திருவிழா ஆனாலும் சிங்காரி மேளம் வந்துவிடும். அதில் அடிக்கும் செண்டையின் ஒரு முகம் எடந்தலை, மறு முகம் வலந்தலை. எடந்தலை காதில் சடசடவென்று தெறிக்கும். தோலை அடுக்கடுக்காக ஒட்டிய வலந்தலையின் அடி அடிவயிற்றில் வந்து விழும். பக்கத்தில் நின்றால் சட்டைத்துணி அதிர்வது தெரியும். அதே மேளத்தை மொபைலில் பிடித்து வந்து ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கிறது, வயிறு மட்டும் சும்மா இருக்கிறது. கூடுதல் விலைக்கு இன்னொரு ஹெட்போன் வாங்கலாமா, அல்லது சப் வூஃபர் வைத்த ஹோம் தியேட்டர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

1. முதலில் இதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவு மிச்சம். பெரிய ஹெட்போனுக்குள் இருக்கும் தகடு பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அகலம்தான். காதுக்கும் அதன் மெத்தைக்கும் நடுவே அடைபட்ட கொஞ்சம் காற்றை அசைத்தால் அதற்குப் போதும். அதனால் நம் காது எட்டும் கீழ் எல்லையான 20 ஹெர்ட்ஸ் வரைகூட நல்ல ஹெட்போன் இறங்கிவிடும். ஸ்பீக்கரோ அறை முழுதும் உள்ள காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் தரும் சத்தத்தை 40 ஹெர்ட்ஸிலும் தர வேண்டுமானால், அதன் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓடியாக வேண்டும். வூஃபர் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் அப்படித் தள்ளப்பட்ட காற்று காதோடு நின்றுவிடாது. நெஞ்சு, வயிறு, தோல், உள்ளங்கால் எல்லாவற்றையும் தொடும். ஸ்காட்லாந்தின் தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி சிறுவயதிலேயே கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். அவர் மேடையில் வெறுங்காலுடன் நின்று, அதிர்வைக் காலால் வாங்கி வாசிக்கிறார். நெஞ்சில் இடி வேண்டும் என்பவர் ஹெட்போன் கடையில் தேட வேண்டாம். எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் அது அங்கே கிடைக்காது.

2. அந்த இடியைத் தேடி ஹெட்போனில் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இதில் பெரிய ஆபத்து. இடி வரப்போவதில்லை, காது மட்டும் விலை கொடுக்கும். தாழ்ந்த ஒலி காதைக் கூசச் செய்வதில்லை. அதனால் அளவு மீறியது நமக்கே தெரியாது. பேஸுக்காகக் கூட்டும்போது பாட்டில் உள்ள மற்ற எல்லாமும் சேர்ந்துதான் கூடுகிறது. இரைச்சலால் வரும் செவிக்குறை முதலில் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தாக்கும். ச, ஸ, த போன்ற மெய்யொலிகளைப் பிரித்தறிய அந்தப் பகுதிதான் உதவுகிறது. பேசுவது கேட்கிறது, சொல் புரியவில்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83 டெசிபலில் 20 மணி, 86-ல் 10 மணி, 89-ல் 5 மணி. குழந்தைகளுக்கு வரம்பு 75 டெசிபல். பிள்ளைகளின் மொபைலில் வால்யூம் வரம்பை நீங்களே பூட்டி வையுங்கள். இன்றைய பெரும்பாலான மொபைல்களின் செட்டிங்ஸில் அந்த வசதி உண்டு.

3. ஹெட்போனில் பேஸே இல்லை என்று புதிதாக ஒன்று வாங்கும் முன், இருப்பதை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் கூடினால் கருவியில் குறை இல்லை, காற்று கசிகிறது என்று அர்த்தம். காதுக்குள் செருகும் வகையானால் அதோடு தரும் மூன்று அளவு ரப்பர் முனைகளையும் மாற்றிப் பாருங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் வெவ்வேறு அளவு பொருந்துவதும் உண்டு. பெரிய ஹெட்போனில் மூக்குக்கண்ணாடியின் காதும், தலைமுடியும், தேய்ந்த மெத்தையும் கசிவுக்குக் காரணம். மெத்தையை மட்டும் மாற்றினாலே பழைய பேஸ் திரும்பிவிடும்.

4. பஸ்ஸில் பாட்டு கேட்பவர்களுக்கு. குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ போகும் பஸ்ஸில் எஞ்சின் உறுமலும் தாழ்ந்த ஒலிதான். பாட்டின் பேஸை முழுதாக விழுங்கிவிடும். உடனே கை வால்யூமுக்குப் போகும். இரைச்சலை அடக்கும் ஹெட்போன், அதாவது நாய்ஸ் கேன்சலிங் வகை, மிகச் சிறப்பாக அடக்குவது இந்தத் தாழ்ந்த உறுமலைத்தான். அது அடங்கினால் குறைந்த வால்யூமிலேயே பேஸ் மேலே வந்துவிடும். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகனும் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவருமான அமர் போஸுக்கு இந்த யோசனை 1978-ல் ஒரு விமானப் பயணத்தில் தோன்றியது. விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலால் எதையும் ரசிக்க முடியாததுதான் காரணம். அந்த வகை வாங்க வசதி இல்லையென்றால், காதை நன்றாக அடைக்கும் சாதாரண இயர்போனே பாதி வேலையைச் செய்துவிடும்.

5. பேஸ் என்ன வாசிக்கிறது என்று கேட்க வேண்டுமானால் ஹெட்போனை மிஞ்ச எதுவும் இல்லை. இங்கே ஸ்பீக்கர் தோற்றுவிடும். நாலு தந்தி பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், அடுத்தவை 55, 73, 98. இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் பாடகரின் குரலுக்கு அடியில் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். சின்ன ஸ்பீக்கரில் அது வெறும் 'தும் தும்'. ஹெட்போனில் விரல் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு வழுக்குகிறது என்பதுவரை கேட்கும். மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியில் ரவை அப்பி வாசிக்கும்போது வரும் கும்கியும் அப்படியே. வளைந்து ஏறி இறங்கும் அந்த ஒலியை ஒருமுறை ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். பிறகு சாதாரண டிவி ஸ்பீக்கரிலும் காது அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்.

6. அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. வாட்ஸைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். அந்த எண்ணுக்கு ஒரு நியதியும் கிடையாது. ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு, வூஃபர் எத்தனை இஞ்ச், எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று மூன்றையும் கேளுங்கள். ஆம்ப்ளிஃபையர் சக்தியை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

7. சப் வூஃபரை எங்கே வைப்பது என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் இருக்கிறது. காசு செலவில்லாத வேலை, பலரும் செய்யாத வேலை. டிவிக்கு அடியில் இடம் இருக்கிறது என்பதற்காக அங்கேயே வைத்துவிடுகிறோம். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது. ஆகவே அது டிவிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சுவர் ஓரத்தில் வைத்தால் பேஸ் கூடும், மூலையில் வைத்தால் இன்னும் கூடும். நல்ல இடம் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் சப் வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் தொடர்ந்து ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, தலையைத் தரைக்குப் பக்கமாகத் தாழ்த்தி, சுவர் ஓரமாகவே மெல்ல நகருங்கள். ஓரிடத்தில் பேஸ் காணாமல் போகும், இன்னோரிடத்தில் வெறுமனே குமுறும். எங்கே சீராகவும் அழுத்தமாகவும் கேட்கிறதோ அங்கே சப் வூஃபரை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்புங்கள். பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், பலன் கையோடு தெரியும். பிறகு பெட்டியின் பின்னால் ஃபேஸ் என்ற சுவிட்ச் இருந்தால் இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, உட்கார்ந்த இடத்தில் எதில் பேஸ் கூடுதலோ அதில் விட்டுவிடுங்கள்.

8. ஒரு சுரம் மட்டும் குமுறுகிறதா? குற்றம் அறையுடையது. பத்தடி நீள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வந்து தானாகப் பெருகும் இடம் சுமார் 56 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடி என்றால் சுமார் 47. பேஸ் கிட்டாரில் தடித்ததற்கு அடுத்த தந்தி 55 என்று மேலே பார்த்தோமே, பத்தடி அறையில் அந்த ஒரு தந்தி மட்டும் வீட்டைத் தூக்கும். நாற்காலியை ஓரடி முன்னேயோ பின்னேயோ தள்ளிப் போடுவது இதற்கு முதல் மருந்து. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் இதே சுரம் கிட்டத்தட்ட மறைந்தே போகும். ஹெட்போனில் இந்தத் தொல்லை கிடையாது. பாட்டில் உண்மையில் எவ்வளவு பேஸ் இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அதில் கேட்டு ஒப்பிடுங்கள். அறை சின்னது, அதனால் பேஸ் வராது என்று சொல்வதில் உண்மை இல்லை. ஜன்னல் கதவைச் சாத்திய சின்ன கான்கிரீட் அறையில் பேஸ் கூடுதலாகவே தேங்கும். இறவாணத்தில் காற்றோட்டம் உள்ள பழைய ஓட்டு வீட்டில்தான் அது வெளியே ஓடிவிடும்.

9. வில்லுப்பாட்டில் வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது ஒரு கனத்த 'பும்' எழும்புமே, அதைத் தருவது குடத்துக்குள் அடைபட்ட காற்று. கழுத்தில் உள்ள காற்று உள்ளும் வெளியும் துள்ள, உள்ளே உள்ள காற்று ஸ்பிரிங் போல அதை எதிர்த்துத் தள்ளும். பேஸ் பெட்டியில் வட்டமாக ஒரு ஓட்டை விட்டிருப்பதும் இதே கணக்கில்தான். நம் கலைஞர்கள் மண்ணில் செய்ததைக் கம்பெனிக்காரர்கள் பலகையில் செய்கிறார்கள். அந்த ஓட்டை சுவரை முட்டாமல் ஒரு சாணாவது விலகி இருக்கட்டும். குமுறல் தாங்கவில்லை என்றால் சுருட்டிய காலுறை ஒன்றை அதில் செருகிப் பாருங்கள், ஒலி இறுகும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் குளவி மண்கூடு கட்டிவிடும், பல்லி முட்டையிடும். மொபைலை எவர்சில்வர் பாத்திரத்துக்குள் போட்டால் பேஸ் வரும் என்பதை நம்ப வேண்டாம். சத்தம் கூடும், பேஸ் கூடாது.

10. பேஸ் வரும்போது கூடவே வரும் 'கிர்ர்' சத்தத்துக்கு ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் அறையைச் சோதியுங்கள். மொபைலில் ஒலி அதிர்வெண் எழுப்பும் இலவச ஆப் ஒன்றை இறக்கி, மொபைலை அந்த ஸ்பீக்கரோடு இணைத்து, 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வோர் எண்ணில் ஒவ்வொன்று பேசத் தொடங்கும்: இரும்பு பீரோவின் கதவு, ஜன்னல் கண்ணாடி, சுவரில் தொங்கும் படம், அடுக்களையில் தட்டு ஸ்டாண்ட். அதிர்வதன் மேல் கையை வையுங்கள், சத்தம் நின்றால் ஆள் அதுதான். பீரோ கதவிடுக்கில் மடித்த காகிதம், படச்சட்டத்தின் பின்னால் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வெட்டிய இரண்டு துண்டு, கண்ணாடி ஓரத்தில் கொஞ்சம் புட்டி. ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

11. சப் வூஃபருக்கு அடியிலும் ரப்பர் போடுங்கள். ரப்பர் விளையும் ஊரில் இதற்குப் பஞ்சமா? மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற தடித்த ரப்பர் பாயில் ஒரு சதுரம் வெட்டிப் போட்டால் போதும். தரை வழியாகவும் சுவர் வழியாகவும் கீழ்வீட்டுக்குப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவதை அது தடுக்காது.

12. இரண்டு ஸ்பீக்கரும் ஓடுகின்றன, ஆனால் பேஸ் மெலிந்திருக்கிறது என்றால் ஒன்றில் ஒயர் மாறியிருக்கலாம். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒன்றின் பேஸை மற்றது தின்றுவிடும். ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுங்கள். ப்ளஸ் முனையைச் சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கறுப்பிலும் ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் அந்த ஸ்பீக்கரின் ஒயரை மாற்றிக் கொடுங்கள்.

13. நம் பக்கத்து மழைக்கும் ஈரத்துக்கும் ஏற்றது ரப்பர் விளிம்பு வைத்த வூஃபர். கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் சில ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும், அதன் பிறகு பேஸ் வெறும் ஓட்டைப்பறைச் சத்தம். நல்ல வூஃபரைத் தூக்கிப் போட வேண்டாம். விளிம்பை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

14. சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் பேஸ் வெளியே போகாது என்று நம்பி அறையைக் கெடுக்காதீர்கள். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர். விரற்கடை அட்டையும் ஸ்பாஞ்சும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, கீச்சொலியை மட்டும் கொஞ்சம் குறைக்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி அறை மூலையில் நிறுத்தி வைத்தால் உள்ளே குமுறல் ஓரளவு தணியும். காற்று வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போவதைக் குறைக்க ஒரே வழி, வால்யூமைக் குறைப்பது.

15. பக்கத்து வீட்டைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டின் குரலும் வயலினும் உங்கள் சுவரோடு நின்றுவிடும், பேஸ் மட்டும் சுவரைக் கடந்து போகும். அடுத்த வீட்டு ஆச்சிக்குப் பாட்டு கேட்காது, இடி மட்டும் விழும். "மக்ளே, நெஞ்சு படபடன்னு வருது, கொஞ்சம் கொறச்சு வைடே" என்று அவர் வாசலில் வந்து நின்றால், பெரும்பாலும் பலநாள் பொறுத்துக்கொண்ட பிறகுதான் வந்திருப்பார். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45. சொந்த வீட்டு ஒலிக்கருவி, எல்லைக்கோட்டில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. மருத்துவமனை, பள்ளி, கல்லூரி ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். மருத்துவக் கல்லூரி இருக்கும் நம் ஊரில் இதை மறக்கலாகாது. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இந்த அளவுகள் 'ஏ' டெசிபல் என்ற கணக்கில் சொல்லப்படுபவை. அந்தக் கணக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். ஆகவே மீட்டரில் வரம்புக்குள் இருக்கிறது என்பதற்காக ஆச்சியின் நெஞ்சு படபடப்பது பொய்யாகிவிடாது. அவர் சொல்வதை மீட்டரைவிடக் கூடுதலாக நம்புங்கள்.

16. விடியும் முன் தலையில் லைட் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் இரண்டு காதையும் அடைக்க வேண்டாம். பாம்பும் பன்றியும் நடமாடும் நேரம் அது. சட்டைப்பையில் மொபைல் ஸ்பீக்கரிலேயே பாட்டு ஓடட்டும். காதைத் திறந்தே விடும், கன்னத்தெலும்பில் ஒட்டும் ஹெட்போனும் உண்டு. அதில் பேஸ் குறைவு, கன்னம் குறுகுறுக்கும், ஆனால் காட்டுச் சத்தம் கேட்கும். பைக்கில் எந்த வகையும் கூடாது.

17. வியர்வையோடு செருகிய இயர்போனைக் காதிலேயே வைத்துத் தூங்காதீர்கள். ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஊர்களில் காதில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். ரப்பர் முனையைக் கழற்றி வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்ந்த பின் மாட்டுங்கள். ஒருவர் இயர்போனை இன்னொருவர் வாங்கிப் போடுவதும் வேண்டாம். காது அரித்தால் பட்ஸ் விட்டுக் குடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

18. இரவு பத்துக்கு மேல் யாரையும் எழுப்பாமல் கொஞ்சம் அதிர்வும் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. டைல்ஸ் போட்ட கான்கிரீட் தரை அவ்வளவாக அதிராது, மரம் அதிரும். மரக்கட்டிலிலோ மர பெஞ்சிலோ உட்காருங்கள். சப் வூஃபரை அதன் அடியில் ரப்பர் பாய் மேல் வைத்து, வெளி அறையில் நின்றால் கேட்காத அளவுக்கு வால்யூமை இறக்குங்கள். பாட்டு முழுவதையும் ஹெட்போனில் கேளுங்கள். சுரம் காதில் விழும், அடி பலகை வழியாக முதுகுக்கு வந்து சேரும். இதற்கு ஒயர் வைத்த ஹெட்போன்தான் சரிப்படும். ப்ளூடூத்தில் ஒலி ஒரு நொடியின் சிறு பங்கு பிந்தி வருவதால், முதுகில் ஒரு அடி, காதில் இன்னொரு அடி என்று தாளம் தப்பிவிடும்.